பூமில் விரிசலா? மூடாதீர்கள், தோண்டி எடுங்கள்

எக்ஸ்கவேட்டரைக் கழுவிக் காயவிட்ட பிறகு பூமின் (வண்டியிலிருந்து நீளும் பெரிய இரும்புக் கையின்) வெல்டிங் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெயின்டின் மேல் மயிரிழை அளவுக்குத் துருக்கோடு தெரிந்தால் வெறும் கீறல் என்று விட்டுவிடாதீர்கள். பிளந்த இரும்புக்குள் இறங்கிய தண்ணீர்தான் துருவாகக் கசிந்து வெளியே வந்திருக்கும்.

அதன் மேலேயே ஒரு வெல்டு ஓட்டிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு வண்டியின் பூமில் இப்படி மூன்று அடுக்கு வெல்டு போட்டிருந்ததைப் பார்த்தேன். அரைத்துத் திறந்தபோது, பழைய விரிசல் அடியிலிருந்து ஒவ்வோர் அடுக்காகப் பிளந்துகொண்டு மேலே ஏறியிருந்தது. அந்தப் பூமுக்கு அடியில் ஆட்கள் நின்று வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

1. வண்டியைத் தயார் செய்தல்

பக்கெட்டைத் தரையில் பதித்து, இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கையேடு சொன்னால் கட்டுப்பாட்டு கணினியின் இணைப்பையும் கழற்றுங்கள். வெல்டிங் மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள். மின்சாரம் மூட்டுகளில் உள்ள பின் (இணைப்புத் தண்டு), புஷ் (அதைச் சுற்றிய உலோகக் குழல்), பேரிங் வழியாகப் பாய்ந்தால் அவை உள்ளுக்குள் பொரிந்துவிடும். ஹோஸ்களை விலக்கி மூடுங்கள்; தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓட்டுநரைக் காக்கும் கேபின் சட்டத்தில் விரிசல் இருந்தால் இந்த முறை பொருந்தாது. அதை நீங்களாக வெல்டு செய்யாதீர்கள், தயாரிப்பாளரைக் கேளுங்கள்.

2. விரிசலின் முனையைக் கண்டுபிடித்தல்

பெயின்டையும் கிரீஸையும் முழுதாக நீக்கி, விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளியுங்கள். பத்து நிமிடங்களாவது ஊறவிட்டு, கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள். கிளீனரை நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவப்பட்டுவிடும். பிறகு சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் சிவப்புக் கோடு மெல்ல ஊறி மேலே வரும். கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கோடு நீளமாக இருப்பதே வழக்கம். அதன் இரு முனைகளையும் சிறிது தாண்டித் துளையிடுங்கள். அரைக்கும்போது விரிசல் மேலும் ஓடாமல் இது தடுக்கும்.

3. தோண்டி எடுத்தல்

கிரைண்டராலோ கார்பன் ஆர்க் கௌஜிங்காலோ (கார்பன் தண்டின் மின்பொறியால் இரும்பை உருக்கி, காற்றால் ஊதி எடுப்பது) விரிசலை முனைகளிலிருந்து நடுவை நோக்கித் தோண்டுங்கள். கௌஜிங் செய்தால் கருகிய படலத்தையும் அரைத்து எடுங்கள். பள்ளம் ஏறக்குறைய 60 டிகிரி விரிவுள்ள 'வி' வடிவில் அமையட்டும். அடியில் மீண்டும் சாயச் சோதனை செய்யுங்கள். சிவப்பு தெரிகிறதா? இன்னும் தோண்டுங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். சோதனை முடிந்ததும் சாயத்தின் மிச்சத்தை முழுதாகத் துடைத்துவிடுங்கள், அது தீப்பற்றக்கூடியது.

4. சூடேற்றி வெல்டு செய்தல்

தடித்த எஃகில் குளிர்ந்த நிலையில் வெல்டு போட்டால், சுற்றியுள்ள இரும்பு சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். வெல்டின் ஓரம் கடினமாகி, உடையும் தன்மை வந்துவிடும். அதனால் பள்ளத்தின் இரு பக்கமும் சுமார் 75 மில்லிமீட்டர் அகலத்துக்கு முன்சூடு ஏற்றுங்கள். பல எஃகுகளுக்கு 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை தேவைப்படும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். குறித்த சூட்டில் உருகும் வெப்பச் சாக்பீஸால் அளந்து உறுதி செய்யுங்கள், கையால் ஊகிக்க வேண்டாம்.

ராடு வெல்டிங்குக்கு இ-7018 போன்ற குறை-ஹைட்ரஜன் ராடு பெரும்பாலான பழுதுகளுக்கு ஏற்றது. திறந்த பெட்டியில் கிடந்து ஈரம் குடித்த ராடு வேண்டவே வேண்டாம். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூடப் புது விரிசலை உண்டாக்கும். ராடை வெப்பப் பெட்டியிலிருந்து தேவைக்கு மட்டும் எடுங்கள்.

மெல்லிய அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் கசடைத் தட்டி நீக்குங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல் வெப்பப் போர்வை போர்த்தி ஆறவிடுங்கள்.

5. மேற்பரப்பைச் சீராக்குதல்

மேடான வெல்டு பலமானது என்று பலர் நம்புகிறார்கள். அந்த மேடு முடியும் ஓரத்தில்தான் அழுத்தம் குவிந்து அடுத்த விரிசல் தொடங்கும். தகட்டோடு சமமாகும்வரை அரையுங்கள். அரைத்த கோடுகள் பூமின் நீளவாக்கில் ஓடட்டும், குறுக்கே வேண்டாம். வலுவூட்டும் தகடு வைத்தே ஆகவேண்டும் என்றால் அதன் முனைகளைக் கூம்பாக வெட்டுங்கள். பூமுக்குக் குறுக்காக நேர்கோட்டு வெல்டு போட்டால் அந்தக் கோட்டிலேயே முறியும்.

விரிசல் ஏன் வந்தது?

தேய்ந்த பின்-புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கெட்டைச் சம்மட்டிபோல் அடிப்பது, பக்கவாட்டில் இடித்து மண்ணைத் தள்ளுவது, பூமுக்குப் பொருந்தாத பெரிய பிரேக்கரை (பாறை உடைக்கும் கருவியை) மாட்டுவது ஆகிய மூன்றும் இரும்பைக் களைப்படையச் செய்யும். ஓட்டுநரைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். வண்டி எங்கே முனகுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வெல்டு போட்டு இரண்டு நாள் கழித்து, பெயின்ட் அடிக்கும் முன் இன்னொரு முறை சாயச் சோதனை செய்யுங்கள். துளையிட்ட இடங்களையும் வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டர் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.