இட்லிப் பூச் செடி மஞ்சளாகுதா? போர் தண்ணீரின் பிஎச்சைக் குறைப்பது எப்படி

மொட்டை மாடியில் இட்லிப் பூச் செடி வைத்திருக்கிறீர்களா? அதன் கொழுந்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள். இலை வெளிறி மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகவும் தெரிந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். என் செடி இரண்டு வருடம் அப்படித்தான் நின்றது. வாங்கிய இடத்தில் கேட்டால் "உரம் பத்தலை" என்றார்கள், நானும் மண்புழு உரம், கடலைப் பிண்ணாக்கு என்று கொட்டிக்கொண்டே இருந்தேன். தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருந்ததை மட்டும் கவனிக்கவே இல்லை.

அந்தத் திட்டில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீடு தாம்பரம் பக்கம், முழுக்க போர் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் சுண்ணாம்பு கட்டும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்போடு சேர்ந்து கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற காரப் பொருள், தொட்டி மண்ணை மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் காரமாக்கிவிடுகிறது. காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் இழுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். அப்புறம் எத்தனை உரம் போட்டு என்ன?

பிஎச் என்பது 0 முதல் 14 வரை போகும் ஓர் அளவு. 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாறுகிறது என்று அர்த்தம், அதனால் 8-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை 6 முதல் 7 வரை சௌக்கியமாக இருக்கும். இட்லிப் பூவும் ரோஜாவும் 6-ஐ ஒட்டி இருந்தால் இன்னும் சந்தோஷப்படும். முருங்கை இதையெல்லாம் கண்டுகொள்ளாது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

தண்ணீரில் கை வைப்பதற்கு முன், மஞ்சள் எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். இரும்புக் குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் பழைய இலையில் இருக்கும் இரும்பைச் செடியால் புது இலைக்கு அனுப்ப முடியாது. அடி இலைகள் மொத்தமாக வெளுத்து உதிர்கிறதென்றால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அதற்கு உரம்தான் வேண்டும், இந்த வைத்தியம் உதவாது.

அளப்பது

பள்ளிக்கூடத்தில் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்துச் சோதனை செய்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சாறு அமிலத்தில் அடர் ரோஸ் நிறமாகும், காரத்தில் பச்சையாகும். குழந்தைகளுக்குக் காட்ட அருமையாக இருக்கும். ஆனால் 7.9-ஆ 7.2-ஆ என்று அதில் தெரியாது. மீன் தொட்டிக் கடைகளில் சொட்டு மருந்து மாதிரி ஒரு பிஎச் கிட் கிடைக்கும், ஆரம்பத்துக்கு அது போதும். பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் மீட்டர் வாங்கினால், கூட வரும் தூள் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து மீட்டரைச் சரிபார்த்த பிறகுதான் அது காட்டும் எண்ணை நம்பலாம். நான் முதல் மாதம் முழுக்க அதைச் செய்யாமலே அளந்து ஏமாந்தேன்.

இன்னொன்று, மோட்டார் போட்டவுடன் பிடித்த போர் தண்ணீரை அளக்காதீர்கள். நிலத்தடியிலிருந்து கரைந்து வரும் கரியமில வாயுவால் எண் குறைவாகக் காட்டும். பக்கெட்டில் பிடித்து ஒரு ராத்திரி வைத்திருந்து அளந்தால்தான் நிஜம் தெரியும்.

கரைசல் தயாரிப்பது

வேண்டியது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ கேளுங்கள். 50 கிராமை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் போட்டு, அரை லிட்டர் வரும் வரை தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பாட்டில் மேல் பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதில் 10 மில்லியில் ஒரு கிராம் எலுமிச்சை உப்பு இருக்கும், கணக்குக்கு வசதி. அளக்க இருமல் மருந்து மூடி போதும். மொத்தமாகச் செய்து அடுக்கி வைக்க வேண்டாம், சில வாரத்தில் பூஞ்சை நூல் நூலாக மிதக்க ஆரம்பித்துவிடும்.

உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு?

இணையத்தில் "ஒரு லிட்டருக்கு இவ்வளவு" என்று போட்டிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். இரண்டு வீட்டுத் தண்ணீரும் 8 என்று காட்டலாம், ஆனால் ஒன்றில் பைகார்பனேட் கொஞ்சம், இன்னொன்றில் நிறைய. எவ்வளவு அமிலம் குடிக்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். அதனால் ஒரு பக்கெட் தண்ணீரைச் சோதனைக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் பக்கெட்டில் 10 லிட்டர் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கரைசலில் 10 மில்லி ஊற்றி, கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். என் தண்ணீர் 7.9-இல் ஆரம்பித்தது. முதல் 10 மில்லிக்கே 6.9 வந்துவிட்டது, அட இவ்வளவுதானா என்று நினைத்தேன். இன்னொரு 10 மில்லி ஊற்றினால் 6.5. அதற்கப்புறம் 5 மில்லிக்கு 6.3, இன்னொரு 5-க்கு 6.1 என்று ஆமை வேகத்தில்தான் இறங்கியது. பக்கெட் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்டியிருக்கும், பைகார்பனேட் உடைந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. 6-க்கும் 6.5-க்கும் நடுவில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். எனக்கு ஒரு பக்கெட்டுக்கு 25 மில்லி. அதைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன், தினமும் அளப்பதில்லை.

கலக்கிய தண்ணீரை உடனே ஊற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால், வாயு போகப் போக எண் மறுபடி 7-க்கு மேல் ஏறியிருக்கும். மருந்து கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், உடைந்த பைகார்பனேட் திரும்பி வராது.

எலுமிச்சை உப்பு இல்லையென்றால் வினிகர் ஊற்றலாம், என் தண்ணீருக்குப் பக்கெட்டுக்கு 40 மில்லி சுமார். மாடியே ஊறுகாய் வாடை அடிக்கும், அவ்வளவுதான். கறிவேப்பிலைக்குப் பாட்டிமார் புளித்த மோர் ஊற்றியதிலும் இந்த அமில சமாச்சாரம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பாத்ரூம் கழுவும் ஆசிட், பேட்டரி ஆசிட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

எங்கே கை வைக்கக் கூடாது

ஆர்ஓ தண்ணீரிலும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் பைகார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. அதில் 10 மில்லி ஊற்றினால் ஒரே அடியாக 4-க்கும் கீழே விழுந்துவிடும், வேர் பாழ். ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பு மொத்தமும் அதில்தான், செடிக்கு வேண்டவே வேண்டாம். அதேபோல நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீருக்கு எலுமிச்சை உப்பு ஒன்றும் செய்யாது, உப்பு உப்பாகவே இருக்கும். அதில் ஏசி தண்ணீரையோ மழை நீரையோ பாதிக்குப் பாதி கலப்பதுதான் வழி.

நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பதிவை இத்தோடு மூடிவிடலாம். தேயிலை செழிக்கிற அளவுக்கு அங்கே மண்ணே அமிலம், அங்கே டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போட்டு பிஎச்சை ஏற்றுவார்கள்.

ஊற்றிய பிறகு

வாரத்துக்கு இரண்டு தடவை, கேட்கிற செடிகளுக்கு மட்டும் போதும். தண்ணீரைத் திருத்தினாலும் மண் உடனே திருந்தாது, அதற்குள் செடிக்குக் கைகொடுக்க அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் என்று கலந்து சாயங்காலம் இலையில் தெளித்தேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது, என் மாடியில் இன்னும் இருக்கிறது. மூன்று வாரத்தில் வந்த கொழுந்து முழுப் பச்சை. பழைய மஞ்சள் இலைகள் பல அப்படியே இருந்து உதிர்ந்தன.

ஐப்பசி மழை பிடித்ததும் பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுவேன். மாடிக் குழாய்க்கு அடியில் ஒரு டிரம், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடிப்பது. தை வரைக்கும் இட்லிப் பூவுக்கு அந்தத் தண்ணீர்தான்.