4,29,49,67,297 என்ற எண்ணின் காரணிகளைக் காணும் முறை

பெரிய எண் ஒன்றைக் கண்டதும் வகுக்கத் தொடங்கிவிடுவதைவிட, அதன் வடிவத்தை முதலில் கவனிப்பது நல்லது. எடுத்துக்கொண்ட பத்திலக்க எண் 2³² + 1 ஆகும். இது பகா எண்ணாகவே இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கருதினார். அது பகு எண் என்பதை 1732இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார்.

எளிய சோதனைகளை விரைவாக முடித்துவிடலாம். எண் 7இல் முடிவதால் 2, 5 ஆகியவை காரணிகள் அல்ல. இலக்கங்களின் கூடுதல் 59 என்பதால் 3உம் அல்ல. வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் 297 − 967 + 294 − 4 = −380 கிடைக்கிறது; 380ஐ 7, 11, 13 ஆகிய எதுவும் மீதியின்றி வகுக்காததால் அம்மூன்றும் விலகுகின்றன.

எண்ணின் வர்க்கமூலம் 65,536ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை 6,542 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பது வீண் உழைப்பு. p என்பது ஒரு பகாக் காரணி என்றால், 2³²ஐ p ஆல் வகுக்க மீதி −1, அதாவது p − 1, என்றாகும்; அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. ஆகவே மீதி 1 தரும் 2இன் மிகச்சிறிய அடுக்கு 64 ஆகும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (2இன் p − 1ஆம் அடுக்கை p ஆல் வகுக்க மீதி 1) அந்த 64, p − 1ஐ வகுக்க வேண்டும். எனவே 64k + 1 வடிவிலுள்ள பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 193, 257, 449, 577, 641.

முதல் நான்கும் தேறுவதில்லை. 641ஐச் சோதிக்க நீண்ட வகுத்தலும் தேவையில்லை. 2¹⁶ = 65,536ஐ 641ஆல் வகுக்க மீதி 154; 154இன் வர்க்கம் 23,716; அதை மீண்டும் 641ஆல் வகுக்க மீதி 640. அதனுடன் 1ஐக் கூட்டினால் 641, அதாவது மீதி பூச்சியம்.

ஈவு 67,00,417. இதன் வர்க்கமூலம் 2,589ஐ எட்டாததால், மீண்டும் 641, அதன்பின் 769, 1153, 1217, 1409, 1601, 2113 என்ற ஏழை மட்டும் சோதித்தால் அதுவும் பகா எண் என்பது உறுதியாகிவிடும். மற்ற இயல்புகள் தாமே வந்துவிடும்: வகுத்திகள் நான்கு; அவற்றின் கூடுதல் 642 × 67,00,418 = 4,30,16,68,356; எண்ணைவிடச் சிறியனவும் அதனுடன் சார்பகா எண்களாக (1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவையாக) அமைவனவும் 640 × 67,00,416 = 4,28,82,66,240.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொரு வழி. இந்த எண் 65,536² + 1² என்பது வெளிப்படை. அதுவே 62,264² + 20,449² ஆகவும் அமைகிறது. இரு வர்க்கங்களின் கூடுதலாக இரு விதமாக எழுத முடிந்த எண் பகா எண்ணாக இருக்க முடியாது. இரட்டை எண்களின் வித்தியாசம் 3,272, ஒற்றை எண்களின் வித்தியாசம் 20,448. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. அவ்வாறே கூடுதல்களான 1,27,800, 20,450 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4² + 25² = 641.