மனித பி செல்லுக்கு எலிக் கணக்கு போடாதீர்கள்

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "மேடம், செல்லே சரியில்ல போல, கொட்டிடவா?" என்று கேட்டாள். கிருமிகளை எதிர்க்க ரத்தத்தில் இருக்கும் புரதக் கூட்டமான காம்ப்ளிமென்ட்டைச் சேர்த்தால், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் மளமளவென்று பெருகும் என்று நம்பியிருக்கிறாள், ஆனால் பெருக்கம் குறைந்திருந்தது. கொட்டாதே என்றேன். இதே மாதிரி முடிவுகளை நான் நான்கு மாதம் கொட்டியிருக்கிறேன். மனித பி செல்லில் காம்ப்ளிமென்ட்டைச் சோதிக்கும்போது புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பிபெட், லேபிள் விஷயமெல்லாம் சீனியர்கள் சொல்லித் தருவார்கள், அதற்குள் நான் போகவில்லை.

சிஆர்1, சிஆர்2 இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரவழைக்கும் தவறு. காம்ப்ளிமென்ட் புரதமான சி3 உடைந்து ஆன்டிஜென் (நோயெதிர்ப்பைத் தூண்டும் அந்நியப் பொருள்) மேல் ஒட்டிக்கொள்கிறது, அந்தத் துண்டை பி செல்லின் மேலிருக்கும் சிஆர்1, சிஆர்2 என்ற ஏற்பிகள் பிடிக்கின்றன, ஆன்டிபாடி கூடுகிறது என்று எல்லோரும் படித்திருப்போம். 1996-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், கோழிமுட்டையிலுள்ள லைசோசைம் என்ற புரதத்தோடு, சி3-யின் சி3டி என்ற துண்டு இரண்டை இணைத்தபோது நோயெதிர்ப்பைத் தூண்டும் திறன் 1000 மடங்கும், மூன்றை இணைத்தபோது 10,000 மடங்கும் கூடியது. அருமையான வேலை. ஆனால் அது எலியில் நடந்தது.

எலியில் சிஆர்1, சிஆர்2 இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன. அந்த மரபணுவை நீக்கினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும், அதுவும் பி செல்லில் மட்டுமல்ல, நிணநீர் முடிச்சில் ஆன்டிஜெனைப் பிடித்து வைத்திருக்கும் ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல்லிலும் போய்விடும். அப்போது குறைந்த ஆன்டிபாடிக்கு எந்த ஏற்பி காரணம், எந்தச் செல் காரணம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? மனிதனில் இவை தனித்தனி மரபணுக்கள், செய்யும் வேலையும் வேறு. சிஆர்2-வின் இன்னொரு பெயர் சிடி21. அது சிடி19, சிடி81 என்ற புரதங்களோடு சேர்ந்து நின்று, பி செல் ஏற்பி தரும் சிக்னலைக் கூட்டுகிறது. சிஆர்1, அதாவது சிடி35, பிரேக் போடுகிறது.

அப்போது எனக்கு இது தெரியாது. ராயபுரம் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் இருந்தேன். அறுவை சிகிச்சையில் எடுத்த டான்சிலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, பேசின் பிரிட்ஜ் நெரிசலில் ஆட்டோவில் உட்கார்ந்து, ஐஸ் உருகுகிறதா என்று நிமிடத்துக்கொருமுறை திறந்து பார்த்தபடி வருவேன். செல்லைப் பிரித்து, பி செல் ஏற்பியான ஐஜிஎம்-க்கு எதிரான ஆன்டிபாடியால் தூண்டி, சூடாக்கித் திரட்டிய சி3 சேர்ப்பேன். ஒவ்வொரு முறையும் பெருக்கம் விழுந்தது. டான்சில் பழசு, சீரம் மோசம், இன்குபேட்டரில் கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பழிபோட்டு, முடிவுகளை நோட்டில்கூட ஏற்றாமல் விட்டேன். யாரோ ஒரு குழந்தையின் டான்சில், அதன் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, அதைத்தான் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

புடாபெஸ்டில் அன்னா எர்டெய் குழு இதே முடிவை 2002-லேயே வெளியிட்டிருந்தது. திரட்டிய சி3 மனித பி செல்லின் சிஆர்1-ஐப் பிடிக்கும்போது, ஏற்பி தூண்டிய பெருக்கம் அடங்குகிறது. என் செல்கள் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன, அவை சொன்னதைக் கேட்காதது நான்தான்.

இதில் இன்னொரு சுற்றும் உண்டு. சிஆர்1 சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஃபேக்டர் ஐ என்ற நொதிக்குத் துணையாக நின்று, சி3-யின் துண்டான சி3பி-யை ஐசி3பி-யாக்கி, அப்புறம் சி3டிஜி வரை வெட்ட வைக்கிறது. சி3டிஜி சிஆர்2-க்கான துண்டு. ஆக, பிரேக் போடுகிற ஏற்பியே, முடுக்குகிற ஏற்பிக்கு வேண்டியதையும் தயார் செய்கிறது. அதனால் எந்தத் துண்டைச் சேர்த்தீர்கள் என்று எழுதாமல் 'காம்ப்ளிமென்ட் சேர்த்தோம்' என்று மட்டும் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சிஆர்1-ஐ மட்டும் தடுத்த ஒரு கிணறு (செல் வளர்க்கும் தட்டிலுள்ள சின்னக் குழி), சிஆர்2-ஐ மட்டும் தடுத்த ஒரு கிணறு, இரண்டும் தட்டில் இல்லையென்றால் என்னிடம் கொண்டு வராதீர்கள்.

சி3டியைத் தனியாக ஊற்றுவது

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். சீல் கன்டெய்னர் கதவில் இருக்க வேண்டும், டிரைவர் சட்டைப் பையில் இருந்தால் பயனில்லை. சி3டியும் அப்படித்தான். அது ஆன்டிஜெனோடு ஒட்டியிருந்தால்தான் பி செல் ஏற்பியும் சிஆர்2-வும் ஒரே இடத்தில் இழுபட்டுச் சேரும். தனியாக மிதந்தால் சிஆர்2-ஐ அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

சிஆர்2 இல்லையென்றால் ஆன்டிபாடியே வராது என்று எழுதுவது

வரும். சிடி21 இல்லாமல் பிறந்த ஒருவரைப் பற்றி 2012-ல் வெளியான விவரத்தில் ஐஜிஜி வகை ஆன்டிபாடி குறைவாகத்தான் இருந்தது, ஆனால் புரதத் தடுப்பூசிக்கு ஆன்டிபாடி உண்டாகியிருந்தது.

ஈடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மா

ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் போடும் ஈடிடிஏ, கால்சியம், மக்னீசியம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அவை இல்லாமல் காம்ப்ளிமென்ட் ஓடாது.

56 டிகிரி, 30 நிமிடம்

சீரத்தை இப்படிச் சூடாக்கினால் காம்ப்ளிமென்ட்டில் சி2-வும் ஃபேக்டர் பி-யும் செயலிழக்கும். சி3 போய்விட்டது என்று எழுதாதீர்கள்.

எப்ஸ்டைன்-பார் வைரஸால் மாற்றிய செல்வரிசை

அந்த வைரஸ் பி செல்லுக்குள் நுழைவதே பெரும்பாலும் சிடி21 வழியாகத்தான். நுழைந்தபின் அந்தச் செல் தானாகவே பெருகிக்கொண்டிருக்கும், சி3டியால் கூடுதலாகப் பெருகியதா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. டான்சில் கிடைக்கவில்லையென்றால் ரத்தத்திலிருந்து பிரித்தெடுங்கள்.