சுவிட்ச் கேம் கன்சோலில் கறுப்புத் திரையா? கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

புதுச்சேரியில் பல வீடுகளில் இருக்கும் நிண்டெண்டோ சுவிட்ச், பிரான்சிலிருந்து சித்தப்பாவோ அத்தையோ லீவுக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தது. பழுதானால் வாரண்டி, சர்வீஸ் சென்டர் என்று போய் நிற்க இடமில்லை. பக்கத்து மொபைல் கடையில் கொடுத்தால் ‘போர்டு போயிடுச்சு’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என் அக்கா மகனுடைய சுவிட்சுக்கும் அதே தீர்ப்புதான் வந்தது. ஆனால் அதன் போர்டு, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, நன்றாகவே இருந்தது. சார்ஜ் போர்ட்டில், அதாவது சார்ஜர் முனையைச் செருகும் துளையில், உப்பு பூத்திருந்தது, அவ்வளவுதான். முத்தியால்பேட்டையில் கடலுக்கு மிக அருகில் இருக்கிற வீடு அது.

நல்ல மெஷின்கள் இப்படி அலமாரியில் முடங்கிப்போவது எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரைக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். ஒன்று, மின்சாரமே உள்ளே போகவில்லை. இரண்டு, மின்சாரம் போகிறது, மெஷின் எழவில்லை. மூன்று, மெஷின் எழுந்துவிட்டது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் எரியவில்லை. நான்கு, பேக்லைட் எரிகிறது, படம் வரவில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்கத்தான். கடைசிப் படி வரும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம்.

நான் எழுதுவது 2017-இல் வந்த முதல் சுவிட்சை வைத்து. 2019-இல் வந்த லைட், 2021-இல் வந்த ஓலெட் மாடல் இரண்டுக்கும் எங்கே மாறும் என்று அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்

மெமரி கார்டையும் கேம் கார்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை முழுதாக 12 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து விடுங்கள். கொஞ்சம் பொறுத்து ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். உறக்க நிலையில் சிக்கிக்கொண்ட மெஷின் என்றால் இதிலேயே எழுந்துவிடும். மனசுக்குள் எண்ணாதீர்கள், கடிகாரம் பார்த்துப் பிடியுங்கள். அவசரத்தில் பலரும் ஐந்தாறு விநாடியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

படி 2: சுவர் சாக்கெட்

பிரான்ஸ் சார்ஜரின் உருண்டைக் கால்கள் 4 மில்லிமீட்டர் தடிமன். நம் ஊர் சாக்கெட் ஓட்டை சுமார் 5 மில்லிமீட்டர் காலுக்காகச் செய்தது. உள்ளே போகும், ஆனால் ஆடும். சார்ஜ் ஆகிறது என்று நினைத்து இரவு முழுக்க வைத்திருப்போம், ஒரு பொட்டு மின்சாரம் ஏறியிருக்காது. மின்சாதனக் கடையில் நல்ல மாற்று பிளக் ஒன்று வாங்கிப் போடுங்கள். மின்னழுத்தம் பற்றிக் கவலை வேண்டாம்: இந்தச் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்.

படி 3: யூஎஸ்பி-சி மீட்டர்

நான் நெடுநேரம் திணறிய படி இது. பொறுமையாகப் படியுங்கள்.

சார்ஜருக்கும் கன்சோலுக்கும் நடுவில் செருகி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் சின்ன மீட்டர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. மல்டிமீட்டர் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்பேன். கன்சோலைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் கருவி வேறில்லை. வாங்கும்போது இரண்டு பக்கமும் சி வகை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய அகலமான யூஎஸ்பி-ஏ வகை மீட்டர் இங்கே உதவாது. காரணம் இதுதான்.

சுவிட்ச் சார்ஜர் இரண்டு விதமாக மின்சாரம் தரும்: 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர். செருகியதும் முதலில் 5 வோல்ட். அப்புறம் கன்சோலும் சார்ஜரும் யூஎஸ்பி-சி முனையில் உள்ள சிசி என்ற பின் வழியாகப் பேசிக்கொண்டு 15 வோல்ட்டுக்கு மாறும். இந்தப் பேச்சு சி வகை மீட்டர் வழியாக மட்டும்தான் கடந்து போகும். யூஎஸ்பி-ஏ மீட்டரில் எப்போதும் 5 வோல்ட்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. போன் சார்ஜரை வைத்தும் சோதிக்க வேண்டாம், பல போன் சார்ஜர்கள் 15 வோல்ட் தருவதே இல்லை. ஒரிஜினல் சார்ஜர் இல்லையென்றால் 45 அல்லது 65 வாட் லேப்டாப் சி சார்ஜர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் 15 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சரி, செருகியாயிற்று. என்ன தெரிகிறது?

15 வோல்ட்டுக்குத் தாவினால் நல்ல செய்தி. சார்ஜ் பகுதி உயிரோடு இருக்கிறது, படி 4-க்குப் போங்கள்.

5 வோல்ட்டிலேயே நின்று, கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஓடினால் பேட்டரி அடிமட்டம்வரை வற்றியிருக்கலாம். பல மாதம் பெட்டிக்குள் கிடந்த மெஷினில் இது சகஜம். ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டு வந்து பாருங்கள். பேட்டரியில் கொஞ்சம் ஏறியதும் மெஷின் தானே எழுந்து 15 வோல்ட்டுக்கு மாறும். பல மணி நேரம் ஆகியும் மாறவில்லையென்றால் பழுது உள்ளே.

5 வோல்ட் காட்டி, ஆம்பியர் சுழியத்திலேயே இருந்தால் சார்ஜ் சிப்புகள்மேல் சந்தேகப்பட வேண்டும். சுவிட்ச் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் எம்92டி36. அந்த 15 வோல்ட் பேச்சுவார்த்தையை நடத்துகிற சிப் அதுதான். பேட்டரிக்குள் மின்சாரம் ஏற்றும் பிக்யூ24193 இன்னொன்று.

இனி, என்னைத் திணறவைத்த நிலை. மீட்டர் எரியவே இல்லை. பார்த்தால் மீட்டர் பழுது என்றுதான் தோன்றும். ஆனால் சி வகைச் சார்ஜர், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருப்பது சிசி பின்னில் தெரிந்தால்தான் மின்சாரத்தையே திறந்துவிடும். அந்தப் பின்னில் அழுக்கு இருந்தால் கன்சோல் செருகியிருப்பதே சார்ஜருக்குத் தெரியாது. மின்சாரம் வராதபோது மீட்டர் எப்படி எரியும்?

இப்போது கன்சோலில் செருகியிருக்கும் முனையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். சி முனை இரண்டு பக்கமும் போகும் என்பதால் இப்படித் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் போர்ட்டில் சிசி பின்கள் இரண்டு உண்டு, திருப்பும்போது மற்ற பின் வேலை செய்யும். ஒரு பக்கம் மீட்டர் செத்துக் கிடந்து, மறு பக்கம் எரிந்தால் போர்ட்டில்தான் வினை என்பது உறுதி. அக்கா மகன் மெஷினில் நடந்தது இதேதான். திருப்பிச் செருகியதும் 5 வோல்ட் வந்தது, பேட்டரி தேறியபின் 15-க்குப் போனது.

போர்ட்டைச் சுத்தம் செய்ய: கன்சோலை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கடற்காற்றின் வேலை. காய்ந்த மெல்லிய நைலான் பிரஷால் மெதுவாக உதிர்த்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடவே கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

படி 4: உயிர் இருக்கிறதா?

சார்ஜ் ஏறுகிறது, திரை மட்டும் கறுப்பு. இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வால்யூமைக் கூட்டுங்கள். பவர் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு, ஏ பட்டனை மூன்று முறை அழுத்துங்கள். சுவிட்ச் பூட்டுத் திரையைத் திறக்க ஒரே பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு சத்தம் வரும். சத்தம் கேட்டால் மெஷின் முழுதாக எழுந்திருக்கிறது, திரைதான் காட்டவில்லை.

டாக் (கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கி) இருந்தால் டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு பற்றிய பயத்தை விட்டுவிடலாம். ஒரிஜினல் சார்ஜரையே டாக்கில் போடுங்கள், 15 வோல்ட் இல்லாமல் டாக் டிவிக்குப் படம் அனுப்பாது.

சத்தமும் இல்லை, டிவியிலும் இல்லை என்றால் இன்னொன்று பாக்கி. மெஷினை அணைத்துவிட்டு, வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி பவரை அழுத்துங்கள். பராமரிப்புத் திரை வந்தால் கோளாறு மென்பொருளில். அங்கே முதலில் அப்டேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் சரியாகாவிட்டால், சேவ் டேட்டாவை அழிக்காமல் மீட்டமைக்கும் வழி தனியாக இருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்கும் வழியும் அதே பட்டியலில்தான் உள்ளது என்பதால் நிதானமாகப் படித்து அழுத்துங்கள். பிள்ளைகள் வருஷக்கணக்கில் விளையாடிச் சேர்த்தது அதில் இருக்கிறது.

படி 5: டார்ச் சோதனை

அறையை இருட்டாக்குங்கள். மெஷினை எழுப்பிவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் படம் இருக்கிறது, பேக்லைட் இல்லை. ஒன்றுமே தெரியாமல், டிவியில் மட்டும் படம் வந்தால் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது திரையே போயிருக்கலாம். கீழே விழுந்த மெஷின் என்றால் ரிப்பன்மேல்தான் என் முதல் சந்தேகம்.

ஓலெட் மாடலுக்கு இந்தச் சோதனை கிடையாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தனியாக பேக்லைட் இல்லை.

படி 6: திறக்க வேண்டி வந்தால்

பின்மூடியில் மூன்று கை கொண்ட ட்ரைவிங் திருகுகள் இருக்கும், ஒய்00 முனை வேண்டும். மற்ற பிளஸ் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை வாங்குங்கள். நூறு முனை கொண்ட மலிவு செட் வேண்டாம், அதன் இரும்பு மிருது, திருகின் தலையைத் தேய்த்துவிடும். இரண்டே இரண்டு நல்ல டிரைவர் போதும். உதிரிபாகம் வேண்டுமென்றால் நான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்விடுவேன்.

மூடியைக் கழற்றும்போது பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், நெம்பாதீர்கள். உப்பவில்லையென்றால், உலோகத் தகட்டை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரி இணைப்பை பிளாஸ்டிக் குச்சியால் கழற்றுவது. பிறகுதான் மற்றது. தகட்டுக்கும் வெப்பக் குழாய்க்கும் நடுவில் இளஞ்சிவப்புப் பசை இருக்கும். அது கிழிந்துபோகும் என்பதால் மூடும்போது புதிதாகத் தடவ வேண்டும்.

திரை ரிப்பனின் சின்ன தாழ்ப்பாளைத் தூக்கி, ரிப்பனை நேராக உட்காரவைத்து மூடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் பேக்லைட் இணைப்புக்கும் அதே வைத்தியம். பாதிப் பழுது இதில் தீரவில்லையென்றாலும், இதைச் செய்யாமல் புதுத் திரை வாங்காதீர்கள்.

சார்ஜ் சிப் சந்தேகம் என்றால் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, எம்92டி36-ஐச் சுற்றியுள்ள பொடிக் கெப்பாசிட்டர்களைத் தொட்டுப் பாருங்கள். கெப்பாசிட்டரின் ஒரு முனை கிரவுண்டோடு பீப் அடிக்கும், இரண்டு முனையும் அடித்தால் ஷார்ட், அதாவது மின்சாரம் நேராக கிரவுண்டுக்கே போய்விடுகிறது. பிராசசருக்கு அருகில் இருப்பவை ஷார்ட் போலவே பீப் அடிக்கலாம், அங்கே மின்தடை இயல்பிலேயே குறைவு. சிப்பை மாற்றுவது வீட்டு வேலை இல்லை. ஹாட் ஏர் வைத்து போன் சார்ஜிங் ஐசி மாற்றும் ஆளிடம் கொடுங்கள், கொடுக்கும்போது மீட்டர் காட்டிய எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ஆன் ஆகலை அண்ணே’ என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதைவிட வேலை பாதியாகிவிடும்.

பின்சேர்ப்பு 1: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி லைட் மாடலுக்கு டிவி சோதனை எப்படி என்று கேட்டிருந்தார். லைட்டில் டிவிக்கு வெளியீடு கிடையாது. சத்தமும் டார்ச்சும்தான் உங்களுக்கு வழி.

பின்சேர்ப்பு 2: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் தண்ணீரில் நனைந்த மெஷின்களைப் பற்றிப் பலர் கேட்டார்கள். பவரை அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை, மாவுத்தூள்தான் போர்ட்டில் ஏறும். உடனே திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள், முடியாதென்றால் அன்றே யாரிடமாவது கொடுத்துக் கழற்றுங்கள். மேலே போர்ட்டுக்கு ஆல்கஹால் சொன்னேன் அல்லவா, அது ஈரத்தையும் பிசுக்கையும் எடுக்கும், உப்பு அதில் சரியாகக் கரையாது. அதனால் பேட்டரி கழன்ற போர்டில் வெள்ளைப் படிவு இருந்தால் முதலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பிரஷை நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் 99 சதவீத ஆல்கஹால் ஊற்றி, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகு பேட்டரியை மாட்டி, படி 3-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.