பாவித்த கார் வாங்கும்போது வன்னியில் விடுகிற பிழைகள்

கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் போனற்றைத் திறக்கிறார்கள், பதிவுப் புத்தகத்தைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இந்த ஒழுங்கே பிழை. எஞ்சினில் கோளாறு என்றால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கராஜில் விட்டுச் செய்து எடுக்கலாம். பத்திரத்தில் கோளாறு என்றால் அதற்குக் கராஜ் இல்லை. விலை பேச முன்னரே புத்தகத்தின் மூலப்பிரதியைக் கையில் வாங்குங்கள். போட்டோ கொப்பி போதாது.

புத்தகத்தில் உள்ள பெயரும், முன்னால் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? "அது அண்ணைன்ர பேர், அவர் கனடாவில. கையெழுத்து எல்லாம் வைச்சுத் தந்திருக்கிறார்" என்ற பதில் எங்கள் பக்கம் மிகச் சாதாரணம். இதுதான் ஓப்பன் பேப்பர். வாங்குபவரின் பெயரை நிரப்பாமல், கையெழுத்து மட்டும் வைத்த படிவங்கள் இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கும். இடையில் இருந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால், அல்லது அந்த அண்ணை இதற்கிடையில் காலமாகியிருந்தால், பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) காட்டினால் மூலப்பிரதியைப் பாருங்கள். அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் அவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். உரிமையாளர் இறந்த வாகனம் என்றால், வாரிசுகள் சட்டப்படி தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு வாங்குங்கள். அதற்கு முன் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது லீசிங். "கட்டி முடிஞ்சுது" என்ற சொல்லை நம்ப வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனம் முழு உரிமையாளராகப் புத்தகத்தில் பதியப்பட்டிருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அந்தப் பெயர் தானாக அழிவதில்லை. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்கினால்தான் போகும். கடிதத்தை வாங்கி, அந்த நிறுவனத்தின் கிளைக்கு நீங்களே எடுத்துச் சரிபாருங்கள்.

பிறகு சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அரைத்த அடையாளமோ புதுப் பெயின்ரோ இருந்தால் அந்த வாகனத்தை விட்டுவிடலாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் சந்தையில் நிற்பவற்றில் நிறையக் கார்கள் பத்து வயதைத் தொட்டவை, பல கை மாறியவை. மீற்றரில் 80,000 கிலோமீற்றர் என்று இருந்தால், அதைப் பிரேக் பெடலின் ரப்பரிடமும் ஸ்டேரிங்கின் தேய்விடமும் கேட்டுப் பாருங்கள். யப்பானில் இருந்து பாவித்து வந்த காருக்குப் பெரும்பாலும் ஏல அறிக்கை இருக்கும். அங்கே ஏலத்தில் விற்றபோது மீற்றர் எவ்வளவு என்று அதில் தெரியும். தரம் 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் வாசியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் (நிலத்தில் படும் வெட்டுகள்) நல்லாய் இருந்தாலும் எட்டு வயது ரயர் எங்கள் வெயிலில் வெடிக்கக்கூடியது. நான்கு ரயரின் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

வன்னியில் காரைத் தின்பது கிரவல் புழுதி. எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து, பில்ரரின் வெளிப்பக்கத்தை அல்ல, எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கே செம்மண் ஒட்டினால், அந்த எஞ்சின் நெடுநாள் மண் குடித்திருக்கிறது. புதுப் பில்ரர் போட்டு அதை மறைக்க முடியாது.

பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் என்றால் புழுதியின் வேலை இன்னும் மோசம். ரொயோட்டா அக்குவாவில் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது, பழைய பிரியஸில் பின் இருக்கைக்குப் பின்னால். அதைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையை ஒட்டிய ஒரு சிறு துவாரத்தால் உள்ளே போகிறது. அந்தத் துவாரத்தைப் புழுதியும் பஞ்சும் அடைத்தால், அல்லது மேலே பைகளைப் போட்டு மூடினால், பற்றரி சூடேறும். முதல் தலைமுறை அக்குவாவின் பற்றரி 20 தொகுதிகள் தொடராகச் சேர்ந்தது. ஒன்று பலவீனமானால் அது மற்றவற்றை விட விரைவில் நிரம்பி, விரைவில் வற்றி, இன்னும் சூடாகும். ஓடிப் பார்க்கும்போது திரையில் பற்றரி அளவு சில கிலோமீற்றருக்குள் முழுதாக ஏறி, உடனே அடிக்கு இறங்கினால், அல்லது பின்னால் விசிறி விடாமல் இரைந்தால், கராஜில் கணினியால் ஸ்கான் பண்ணாமல் வாங்க வேண்டாம். "பற்றரி மாத்தினது" என்று சொன்னால், முழுப் பற்றரியா, கெட்ட செல்லை மட்டுமா என்று கேளுங்கள். பழையவற்றுக்கு நடுவில் ஒரு செல்லை மாற்றினால், சில மாதங்களில் அடுத்தது போகும்.

வெள்ளத்தில் நின்றதா என்பதும் கட்டாயம் கேட்க வேண்டியது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. சீற் பெல்ற்றை முழுதாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக்கோடு தெரியும். கார்ப்பெற்றைத் தூக்கி, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். முல்லைத்தீவு, மன்னார் கரையில் மீன் ஏற்றிய பட்டா (சிறு லொறி), வான் என்றால் குனிந்து அடித்தளத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே உப்புத் தின்றிருக்கிறது.

போக முன்னர் போன் எடுத்து, "நான் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ணாதேங்கோ அண்ணை" என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். போனற் சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். நீலப் புகை ஒயில் எரிவது. எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, தண்ணீர் உள்ளே போவது. குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே உள்ள கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சையோ சிவப்போ இல்லாமல் மண்ணிறமாக இருந்தால் கிணற்றுத் தண்ணி ஊற்றி ஓடியிருக்கிறார்கள். எங்கள் கிணறுகளின் சுண்ணாம்பு ரேடியேற்றருக்குள் படிந்துவிடும்.

ஏ9 வீதியில் மட்டும் ஓடிப் பார்ப்பது வீண். ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் 20, 30 கிலோமீற்றர் வேகத்தில் விடுங்கள், கண்ணாடிகளை இறக்கி, வானொலியை நிறுத்தி. முன்னால் தட்டும் சத்தம் கேட்டால், முன் சில்லைத் தாங்கும் மூட்டுகள் (போல் ஜொயின்ற் அல்லது லிங்க்) தேய்ந்திருக்கின்றன. ஸ்டேரிங்கை முழுதாக வெட்டித் திருப்பும்போது 'டக் டக்' என்றால் அக்சில் முனை. ஏசியை மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டு, நின்ற இடத்திலேயே 15 நிமிடம் விட்டு, குளிர் குறைகிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் சின்னத் தொகையாக, ரசீதோடு. மீதியை வங்கியால் அனுப்புங்கள். கையளிக்கும் தாளில் திகதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள், ஏனென்றால் அன்று காலை நடந்த விபத்து யாருடையது என்பதை அந்த நேரம்தான் சொல்லும். பெயர் மாற்றப் பத்திரங்களை 14 நாளுக்குள் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள்.