பழவேற்காட்டுக் கரையை நின்று பார்ப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் பாறைக் குன்றுகளையும் அணை நீரையும் பார்த்து வளர்ந்த நமக்கு, தமிழகத்தின் வடகோடிக் கடற்கரையான பழவேற்காடு முதற்பார்வையில் வெறும் சேறும் உப்புக்காற்றுமாகத் தோன்றக்கூடும். ஆகவே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். முந்தைய இரவே சென்னை சேர்ந்து, விடியலில் பொன்னேரி வழியாகச் செல்வது நல்லது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பழவேற்காடு ஏரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகளைக் காணலாம். பைனாகுலரால் அவற்றின் தலையைக் கவனியுங்கள்: அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, நுண்ணிய இறால் வகைகளையும் பாசியையும் வடிகட்டி உண்கின்றன, அவ்வுணவிலுள்ள நிறமிகளே இறகுகளுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றன. அணைக்கரையில் கொக்கு மீனைக் கொத்திப் பிடிப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரும் வியப்பு. படகைப் பறவைகளுக்கு அருகே ஓட்டச் சொல்லாதீர்கள். அவை கூட்டமாக எழும் காட்சி அழகானதுதான், ஆனால் அவற்றின் இரைதேடல் நம்மால் கெடுகிறது.

கடற்பக்க மணலில் சற்று நேரம் அசையாமல் அமர்ந்தால், வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளிவரும். திரும்பும் வழியில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன.