மின்காந்தத் தூண்டல்: கழித்தல் குறியில்தான் விஷயமே இருக்கிறது

தேவையானவை: எனாமல் பூசிய தாமிரக் கம்பியில் 200 சுற்றுச் சுருள், நியோடிமியம் காந்தம், ஊசி நடுவில் நிற்கும் கால்வனாமீட்டர் (சிறு மின்னோட்டத்தையும் அதன் திசையையும் காட்டும் கருவி). டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டாம் என்பேன். அது எண்ணைக் காட்டுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும்.

படி 1: கம்பி முனைகளில் எனாமலைச் சுரண்டிவிட்டு இணையுங்கள். காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளினால் ஊசி துள்ளும். உள்ளேயே அசையாமல் வைத்தால் பூஜ்யம். வெளியே இழுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். 1831-இல் பாரடே கண்டதும் இதைத்தான்: காந்தப்பாயம் (சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) இருந்தால் போதாது, அது மாற வேண்டும்.

படி 2: சுருளின் தளத்துக்குச் செங்குத்தாகப் புலம் இருந்தால், புலத்தைப் பரப்பால் பெருக்கினால் பாயம். 0.05 டெஸ்லா, 0.001 சதுர மீட்டர் என்றால் 0.00005 வெபர். இது 0.1 நொடியில் சீராகப் பூஜ்யமானால், 200 சுற்றுகளில் தூண்டப்படும் மின்னியக்கு விசை (மின்னோட்டத்தைத் தள்ளும் மின்னழுத்தம்) 0.1 வோல்ட். 0.01 நொடியில் என்றால் 1 வோல்ட். வேகமாக இழுத்தால் ஊசி பலமாகத் துள்ளுவது இதனால்தான்.

படி 3: இங்கே நிதானமாகப் போவோம். மேலே போட்ட கணக்கின் சூத்திரம்: மின்னியக்கு விசை = −(சுற்றுகள் × பாய மாற்றம் ÷ நேரம்). அதன் முன்னால் உள்ள கழித்தல் குறி, லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834-இல் சொன்ன விதி. 'தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கும்' என்று மனப்பாடம் செய்தவர்களுக்குப் பாதிக் கணக்குகள் தப்பாகும். அது எதிர்ப்பது புலத்தை அல்ல, பாயத்தின் மாற்றத்தை.

முதலில் பாயம் எந்தத் திசையில் என்று பாருங்கள். பிறகு, கூடுகிறதா குறைகிறதா? கூடினால் சுருள் தன் புலத்தை எதிர்த்திசையில் உண்டாக்கும். குறைந்தால் அதே திசையில். சுருளின் இந்தப் புலம் இருக்கும் திசையில் வலக்கைப் பெருவிரலை நீட்டுங்கள், மடங்கிய விரல்கள் மின்னோட்டத்தின் திசை. வட முனை நெருங்கினால், காந்தத்தின் பக்கமிருந்து பார்க்க மின்னோட்டம் இடஞ்சுழி. விலகினால் வலஞ்சுழி.

எதிர்க்காமல் உதவினால் என்ன? லேசாகத் தள்ளிய காந்தம் தானே வேகமெடுக்கும், மின்சாரமும் இலவசமாக வரும். ஆற்றல் அழிவின்மை விதி அதை விடாது.

பின்சேர்க்கை: காந்தத்தை நிறுத்திவிட்டுச் சுருளை நகர்த்தினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஊசி அதேபோல் துள்ளும். ஆனால் நகரும் கம்பியில் மின்னூட்டங்களைத் தள்ளுவது காந்த விசை. காந்தம் நகரும்போது தூண்டப்பட்ட மின்புலம். ஒரே விளைவுக்கு இரண்டு விளக்கமா என்ற இந்த உறுத்தலோடுதான் ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரை தொடங்குகிறது.

இன்னொன்று: உருளைக் காந்தத்தைச் சுருளுக்குள் அதன் அச்சிலேயே சுழற்றினால் ஊசி அசையாது. பாயம் மாறவில்லையே!